வெள்ளியங்கிரி இறங்கிய கால்வலிக்கு பிசிஏஏ பவுடர் வாங்கலாமா?

பிப்ரவரி 3 – கேள்வி

வயது 23, எடை 64 கிலோ. ஜிம்முக்குப் போக ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. லெக் டே (கால் பயிற்சி நாள்) முடிந்தால் இரண்டு நாள் படி இறங்க முடிவதில்லை. மார்ச்சில் நண்பர்களோடு கோவை பக்கத்து ஏழு மலை, வெள்ளியங்கிரி போகிறேன். பிசிஏஏ (மூன்று அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் துண்டுகள், சேர்ந்த பவுடர்) குடித்தால் ரெக்கவரி சீக்கிரம் ஆகும், மலை இறங்கினாலும் கால் பிடிக்காது என்கிறார் ஜிம் மாஸ்டர். 30 ஸ்கூப் டப்பா 1,650 ரூபாய். என் சம்பளம் 14,000. வாங்கலாமா? குடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 10:20

குடித்துப் பார்த்தவன் சொல்கிறேன். போன வருடம் மார்ச் முதல் வாரம் மலை ஏறினேன். ஏறும்போது மூச்சுதான் வாங்கியது, கால் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போதும் ஆண்டி சுனை, வழுக்குப்பாறை எல்லாம் சமாளித்து வந்துவிட்டேன். வெள்ளைப் பிள்ளையாரைத் தாண்டிய பிறகு அந்த முதல் மலைப் படிகள் இருக்கின்றனவே, அங்கேதான் ஆட்டம் கண்டது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு உயரம். கால் வைத்தால் முழங்கால் தானாக மடங்குகிறது, தொடை கிடுகிடுவென ஆடுகிறது. மூங்கில் கம்பை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று இறங்கினேன். அடிவாரத்துப் பூண்டியில் உட்கார்ந்தவனை எழுப்ப ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் பரவாயில்லை. அதற்கு மறுநாள்தான் முழு வலியும் வந்தது. நான்கு நாள் வீட்டு மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன். பம்ப்செட் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று பார்க்கிற வேலை எனக்கு. அந்த நான்கு நாளும் நரகம்.

மூன்று வாரம் கழித்து மச்சானுக்குத் துணையாக மறுபடி போனேன். அந்த முறை ஒரு வாரம் முன்பிருந்தே தினம் ஒரு ஸ்கூப் பிசிஏஏ. ஒன்றரை நாள் வலி, அவ்வளவுதான். என் அனுபவத்தில் வேலை செய்கிறது. காசு இருந்தால் வாங்கலாம்.

பிப்ரவரி 4, காலை 6:50

வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். சுவை சேர்க்காத பவுடரைத் தண்ணீரில் கொட்டினால் அது எளிதில் கரையாது. மாவு மாதிரி மேலே மிதக்கும், ஷேக்கர் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். போலிச் சரக்கோ என்று முதல் நாள் பயந்தேன். இல்லை, பிசிஏஏவில் இருக்கும் லூசின், ஐசோலூசின், வாலின் மூன்றுமே தண்ணீரோடு அவ்வளவாகச் சேராதவை. எளிதில் கலக்கிற டப்பாக்களில் லெசித்தின் போன்ற ஏதாவது சேர்த்திருப்பார்கள். கசப்பும் அதன் இயல்புதான். அந்தக் கசப்பை மறைக்கத்தான் தர்பூசணி, பச்சை மாங்காய் என்று இத்தனை வாசனை.

7 கிராம் ஸ்கூப்பில் 2:1:1 என்று போட்டிருந்தால் லூசின் 3.5 கிராம், மற்ற இரண்டும் 1.75, 1.75. லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பாருங்கள்.

பிப்ரவரி 6, இரவு 11:40

3ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

இங்கே ஒருவர் ஒரே வரியில் கேட்டிருந்தார்: "இரண்டு தடவைக்கும் நடுவில் எத்தனை நாள்?" மூன்று வாரம் என்று பதில் போட்டுவிட்டு ஷிப்ட்டுக்குப் போனேன். லேத் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வந்து உட்கார்ந்து படித்தேன். என் கணக்கே தப்பு.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கி பிரேக் பிடிக்கிறது. இந்த நீளும் வேலையில்தான் தசை இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம். அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். எனக்கு மறுநாளை விட அதற்கடுத்த நாள் மோசமாக இருந்தது இதனால்தான். ஒரு தடவை அப்படி அடி வாங்கிய தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது அடுத்த தடவைக்கும் சேர்த்துத் தயாராகிவிடுகிறது. அதே வேலையைச் சில வாரத்துக்குள் மறுபடி செய்தால் வலியும் குறைவு, பலம் திரும்புவதும் சீக்கிரம். பவுடர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இப்படித்தான்.

அப்படியானால் இரண்டாம் தடவை என் காலைக் காப்பாற்றியது முதல் தடவை இறங்கிய இறக்கம். பவுடருக்கு அதில் பங்கு இருந்ததா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டு தடவையும் குடிக்காமல் போயிருந்தாலும் இதே ஒன்றரை நாளாக இருந்திருக்கலாம்.

தம்பி, இன்னும் வாங்காமல் இருந்தால் பொறுங்கள். நான் சொன்னதை நம்பி யாராவது வாங்கியிருந்தால் மன்னிக்கவும்.

பிப்ரவரி 7, மதியம்

லாக்டிக் ஆசிட் தேங்குவதால் வலி, பிசிஏஏ அதைக் கழுவிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரத்தத்தில் ஏறிய லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடம்பில் இருக்கும் வடிவம்), பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனாலே பழைய அளவுக்கு வந்துவிடும். வலி வருவதோ மறுநாள். பேருந்து போய் ஒரு நாள் ஆன பிறகு, வண்டி சத்தம் தூங்கவிடவில்லை என்று சொல்ல முடியுமா?

பிப்ரவரி 9, காலை

தம்பி தன் ஒரு நாள் சாப்பாட்டை எழுதியிருக்கிறார். இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

காலை நான்கு இட்லி, சட்னி, சாம்பார். மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், கொஞ்சம் மோர். சாயங்காலம் டீ, இரண்டு வடை. ஜிம் முடிந்து இரவு மூன்று பரோட்டா, சால்னா. ஞாயிறு மட்டும் கறி.

ஞாயிறு தவிர்த்து எப்படிக் கூட்டினாலும் புரதம் 40, 45 கிராமைத் தாண்டவில்லை. உடற்பயிற்சி இல்லாமல் சும்மா இருக்கிற ஆளுக்கே கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் வெளியிட்ட அட்டவணை. 64 கிலோவுக்கு அதுவே 53 கிராம். எடை தூக்குகிறவர்களை வைத்துச் செய்த 49 ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் ஏற ஏறத் தசை கூடுகிறது, அதற்கு மேல் பெரிய லாபம் இல்லை என்று அதில் வருகிறது. 64 கிலோவுக்கு 102 கிராம். அவ்வளவு வேண்டாம், 80 என்றே வைத்துக்கொள்ளுங்கள். தம்பி பாதியில் நிற்கிறார்.

உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. பவுடரில் இருப்பது மூன்று. அதில் லூசினுக்கு ஒரு விசேஷம் உண்டு: தசைக்குப் புரதம் கட்டச் சொல்லி உத்தரவு கொடுப்பது அதுதான். அந்தப் பெருமையை வைத்துத்தான் டப்பா விற்கிறது. ஆனால் கட்டுவதற்கு ஒன்பதும் வேண்டும். கடுகு பொரிந்துவிட்டது, வாசனையும் வந்துவிட்டது, குழம்பில் போடப் பருப்பு இல்லை என்றால் என்ன செய்வது? மீதி ஆறுக்கு உடம்பு தன் தசையையே உடைத்து எடுக்க வேண்டியிருக்கும். பிசிஏஏ மட்டும் குடித்தால் தசை கூடும் என்பதற்கு மனிதர்களில் ஆதாரம் இல்லை என்று புரத ஆய்வாளர் ராபர்ட் வுல்ஃப் 2017இல் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவர் காரணம் சொல்வதும் இதையே வைத்துத்தான்.

இப்போது காசுக் கணக்கு. 1,650ஐ 30ஆல் வகுத்தால் ஒரு ஸ்கூப் 55 ரூபாய். என் ஊர்க் கடையில் மூன்று முட்டையும் அரை லிட்டர் பாலும் அதற்குள் வருகிறது. மூன்று முட்டையில் 18 கிராம் புரதம், அரை லிட்டர் பாலில் 16. மொத்தம் 34. அதற்குள்ளேயே லூசின் சுமார் 3.2 கிராம் இருக்கிறது. ஸ்கூப்பில் இருப்பது 3.5. மீதி எட்டு அமிலங்களும் கூடவே வந்துவிடுகின்றன.

லூசினைப் பிரான்சு நாட்டு வேதியியலாளர் பிராக்கன்னோ 1820இல் பிரித்தெடுத்தது இறைச்சியிலிருந்தும் கம்பளியிலிருந்தும். வாலினை ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1901இல் எடுத்தது பாலில் இருக்கும் கேசீனிலிருந்து. சாப்பாட்டில் கண்டெடுத்ததைத்தான் நாம் சாப்பாட்டை விட்டுவிட்டு டப்பாவில் தேடுகிறோம். இதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 10, காலை

நேற்றைய கணக்கைப் பார்த்த ஒரு அக்கா, துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் இருக்கிறதே, தம்பி இரண்டு வேளை சாம்பார் சாப்பிடுகிறாரே, ஏன் குறைத்துப் போட்டீர்கள் என்று கேட்கிறார். அந்த 22 கிராம், வேகாத பருப்பு 100 கிராமுக்கு. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஒரு நேரச் சாம்பாருக்குப் போடும் பருப்பை எடை போட்டுப் பார்த்தேன். 85 கிராம். ஆளுக்கு 21 கிராம் பருப்பு, அதில் நான்கரை கிராம் புரதம். ஹோட்டல் சாம்பார் என்றால் இன்னும் குறையும். கெட்டியாக ஒரு கரண்டி கூட்டோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ சேர்ந்தால் நிலைமை மாறும். உலர்ந்த கடலை 50 கிராமை ஊற வைத்து வேகவைத்தால் 10 கிராம் வந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு சோயா உருண்டை: உலர்ந்தது 50 கிராமில் 25 கிராம் புரதம்.

அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று அடைக்கும். பொங்கலும் இட்லியும் அந்தச் சேர்க்கைதான். அளவுதான் பத்தவில்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துப் புரதத்தைக் கூட்ட வேண்டாம். மருத்துவரிடம் கேளுங்கள்.

பிப்ரவரி 13, இரவு

"22 சதவீதம் கூடுகிறது என்று ஆய்வே இருக்கிறதே" என்று காரமாக ஒருவர். இருக்கிறது, 2017இல் வந்தது. பயிற்சி பெற்ற இளைஞர்கள் பத்துப் பேர். எடை தூக்கி முடித்ததும் 5.6 கிராம் பிசிஏஏ கொடுத்தார்கள். தசைப் புரதம் கட்டும் வேகம், வெறும் பானம் குடித்தபோது இருந்ததை விட 22 சதவீதம் அதிகம். உண்மைதான். ஆனால் ஒப்பிட்டது முட்டையோடும் பாலோடும் இல்லை, ஒன்றும் இல்லாத பானத்தோடு. அடுத்த சில மணி நேர வேகத்தைத்தான் அளந்தார்கள். மறுநாள் படி இறங்க முடிந்ததா என்பது வேறு கேள்வி.

வலிக்கு என்று தனியாகப் பார்த்தவர்களும் உண்டு. அதே 2017இல் வந்த ஒரு தொகுப்பின்படி, சேதம் குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல், பத்து நாளுக்கு மேல், முக்கியமாகப் பயிற்சிக்கு முன்பிருந்தே எடுத்தால் ஓரளவு பலன் தெரியலாம். ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும், அதனால் இதையும் எழுதுகிறேன். 64 கிலோவுக்கு அது தினம் 12.8 கிராம், ஏறக்குறைய இரண்டு ஸ்கூப். டப்பா 15 நாளில் காலி. மாதம் 3,300 ரூபாய். அதோடு, வெள்ளியங்கிரி இறக்கம் குறைந்த சேதத்தில் சேராது என்று என் தொடை சொல்லும்.

பிப்ரவரி 15, இரவு 12:30

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருப் பையன், 19 வயது, ஜிம்மில் சேர்ந்த முதல் நாள். பந்தயம் கட்டி 300 பஸ்கி போட்டிருக்கிறான். மறுநாள் எழ முடியவில்லை. முதல் நாள் எல்லோருக்கும் இப்படித்தான், இதைக் குடி, ரெக்கவரி ஆகிவிடும் என்று ஒரு டப்பாவைக் கொடுத்திருக்கிறார்கள். அவனும் நம்பிக் குடித்தான், கூடவே வலி மாத்திரை. மூன்றாம் நாள் தொடை இரண்டும் கல் மாதிரி வீங்கிவிட்டன. அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், ஒன்றுக்குப் போனது கடுங்காப்பி நிறத்தில் இருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான். உடனே வண்டியில் ஏற்றினேன்.

தசை அளவுக்கு மீறி உடைந்தால் அதற்குள் இருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அதற்குப் பெயர் ராப்டோமயோலிசிஸ். ஆறு நாள் டிரிப்ஸ் ஏறியது. சிறுநீரகம் தப்பியது. மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "இரண்டு நாள் ஏன் காத்திருந்தீர்கள்?"

பவுடர் அவனுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் "ரெக்கவரி" என்ற அந்த ஒரு வார்த்தை இரண்டு நாளைத் தின்றுவிட்டது. தாங்க முடியாத வலி, வீக்கம், சிறுநீர் காப்பி நிறம் அல்லது கோலா நிறம்: இதில் எது இருந்தாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். வலி மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள், அது சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை.

பிப்ரவரி 16

நேற்றையதைப் படித்துப் பயந்துவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார். வழக்கமான லெக் டே வலி வேறு, இது வேறு. உங்களுடையது இரண்டு நாளில் போய்விடுகிறது, பயப்படாதீர்கள்.

பிப்ரவரி 19

என் அம்மாவிடம் இந்த விவாதத்தைச் சொன்னேன். "உளுந்தங்களி கிண்டித் தரேன், சூடா நல்லெண்ணெய் தேய்ச்சு விடறேன், அதுக்கு மேல என்னடா வேணும்" என்றார். களிக்கு ஆளுக்கு 40 கிராம் உளுந்து என்றால் அதில் பத்து கிராம் புரதம். தேய்த்துவிடுவது வலியை ஓரளவு குறைக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 22, காலை

மலைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நான் செய்துகொண்டிருப்பதை எழுதுகிறேன், தம்பியும் செய்யலாம்.

எங்கள் பக்கத்து அடுக்குமாடிக்கு ஐந்து தளம். லிஃப்டில் ஏறுகிறேன், படியில் இறங்குகிறேன். வாட்ச்மேன் அண்ணன் முதல் நாள் விசித்திரமாகப் பார்த்தார், விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். முதல் நாள் நான்கு முறை மட்டும். மறுநாள் தொடை லேசாகப் பிடித்தது. இரண்டு நாள் விட்டு ஆறு முறை. அப்புறம் எட்டு. குதிகாலைத் தொப்பென்று போடாமல், மெதுவாக, முழங்கால் மடங்குவதை உணர்ந்து இறங்க வேண்டும். முதல் மலைப் படிக்கட்டில் வாங்கப் போகிற அடியைச் சின்னச் சின்னத் தவணையாக இங்கே வாங்கிக்கொள்வதுதான் இது. மலைக்கு முந்தைய நான்கைந்து நாள் நிறுத்திவிட வேண்டும், ஆறுவதற்கு நேரம் வேண்டுமே. நைட் ஷிப்ட் வாரத்தில் நான் இறங்குவதில்லை. தூக்கம் கெட்ட உடம்பில் எதுவும் ஆறுவதில்லை, என் உடம்பு இதை எனக்குப் பலமுறை காட்டியிருக்கிறது.

பிப்ரவரி 24

மாவட்ட அணிக்குக் கபடி ஆடும் பையன் ஒருவன் தனியாகக் கேட்டிருந்தான், பொதுவிலேயே சொல்கிறேன். ஊக்கமருந்துச் சோதனைக்கு வாய்ப்புள்ளவர்கள் எந்தப் பவுடரையும் லேசாக எடுக்காதீர்கள். டப்பாவில் எழுதாத ஏதாவது கலந்திருந்து சோதனையில் மாட்டினால் பொறுப்பு ஆடுகிறவன் தலையில்தான். தெரியாது என்று சொன்னால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள்.

மார்ச் 12, இரவு

போய் வந்துவிட்டோம். தம்பியின் கூட்டமும் நாங்களும் ஒரே இரவில் ஏறியது தற்செயல்தான். இறங்கும்போது கைதட்டி சுனைப் பக்கம் "அண்ணா, நீங்கள்தானே படி இறங்கச் சொன்னவர்?" என்று ஒருவர் கேட்டதும் சந்தோஷமாகிவிட்டது.

இந்த முறை பவுடர் இல்லை. முதல் மலைப் படிகளில் தொடை ஆடியது, ஆனால் முழங்கால் மடங்கவில்லை. கம்பை ஒரு கையில் பிடித்தே இறங்கினேன். வலி இரண்டு நாள். மூன்றாம் நாள் ஷிப்ட்டில் சாதாரணமாக நின்றேன். படி இறங்கியதாலா, ஒரு மாதமாக மூன்று முட்டை சாப்பிட்டதாலா, இந்த முறை நிதானமாக வந்ததாலா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். போன வருடம் ஒன்றரை நாள் கணக்கை வைத்து அவசரப்பட்டது போதும்.

மார்ச் 14

தம்பி இன்று எழுதியது: நான் பிப்ரவரி 3ஆம் தேதி எழுதியதைப் பார்த்து மறுநாளே டப்பா வாங்கிவிட்டாராம், என் மனசு கஷ்டப்படுமே என்று இத்தனை நாள் சொல்லவில்லையாம். சீல் உடைக்கவில்லை, கடையில் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

தம்பி, கீழே எறியாதீர்கள். தேதி முடிவதற்குள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்து முடியுங்கள், கெடுதல் இல்லை. இல்லையென்றால் சரவணம்பட்டி பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள், பில் தொகையைக் கொடுத்து நான் வாங்கிக்கொள்கிறேன். எனக்குக் காலை ஷிப்ட் இந்த வாரம், மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். அம்மா களி கிண்டுவதாகச் சொல்லியிருக்கிறார், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.